டிப்போ தெருவில் கட்டைவிரல்கள் இடம் மாறிய மாதம்

ஆம்பூரில், ரயில் போனால் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஒருமுறை குலுங்கி அடங்குகிற டிப்போ தெருவில், ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், ஷூ கம்பெனிக்குப் போகிற டெய்சிராணியின் இரண்டு கட்டைவிரல்களும் செல்போன் ரிப்பேர் கடை குணாளனின் கைகளிலும், குணாளனின் இரண்டு கட்டைவிரல்களும் டெய்சிராணியின் கைகளிலும் இருந்தன. தூங்கி எழுவதற்குள் மாறியிருக்கின்றன. ரத்தம் இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை. இருவரும் அந்தக் கைகளாலேயே பல் தேய்த்து, இட்லி பிட்டுச் சாப்பிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வாரத்தின் முதல் நாள் காலையில் தன் கட்டைவிரலை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் தெருவில் யாருக்கும் நேரமில்லை.

கண்டுபிடித்தது மெஷின்தான். கம்பெனி வாசலில் வருகைக்கு ரேகை வைக்கிற மெஷினில் டெய்சிராணி கட்டைவிரலை வைத்தாள். அது மூன்று முறை சிவப்பு காட்டியது. பின்னால் நின்ற பெண்கள், "தொடச்சிட்டு வையிக்கா" என்றார்கள். துடைக்கத் தூக்கிப் பார்த்தால், நீளமாக, நகம் கடித்து, ஓரத்தில் சால்டரிங் சுட்ட வடுவோடு ஓர் ஆண்பிள்ளைக் கட்டைவிரல். அவளுக்கு அது யாருடையது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறு வருஷமாக மாதம் ஒருமுறை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்த விரல். "அடக் கருமமே, இது குணாவுது" என்றாள்.

அதே நேரம் ரேஷன் கடையில் குணாளன், குட்டையும் அகலமுமாக, மெரூன் நகப்பாலிஷ் பாதி உரிந்து, ஓரத்தில் பசைக்கறை ஏறிய ஒரு கட்டைவிரலை ரேகை மெஷினிலிருந்து எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரேகைக்கு அரிசி உங்க எதிர்வீட்டு டெய்சிராணி கார்டுலதான் போட முடியும். அடுத்தவங்க வாங்க" என்றார்.

இது ஏன் நடந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு அதில் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு, அதில் இருபத்துமூன்று வீட்டில் வீடியோ கேம் மெஷின். பன்னிரண்டு வீடு நீலம், பதினோரு வீடு பச்சை. மெஷினின் விளக்கு எந்த நிறமோ அந்த வீடு அந்தக் கட்சி. பெண் கொடுக்கும்போது ஜாதகத்தோடு சேர்த்து இதையும் விசாரிப்பவர்கள் உண்டு. இரண்டு கட்சிக்கும் அடிப்படை வித்தியாசம், கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் இருக்கிறது. நீலத்தில் இரண்டு குமிழும் கீழே அக்கம்பக்கமாக இருக்கும். பச்சையில் இடது குமிழ் மேலே, வலது குமிழ் கீழே. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக எங்கள் தெருவில் அண்ணனும் தம்பியும் இரண்டு பொங்கல் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் மரியாதை கெட்டவர்கள் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் இரண்டு டிவியைச் சேர்த்து வைத்து, நீலத்துக்கு ஒருவரும் பச்சைக்கு ஒருவரும் கால்பந்து ஆடுவார்கள். அந்த ஆட்டம் இரண்டு மெஷினிலும் உண்டு, நெட் வழியாக இதிலிருந்து அதோடு மோதலாம். தோற்றவர் எழுந்து நின்று, ஜெயித்தவரின் மெஷினைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது, கிண்டல் கூடாது. "உங்க மெஷின்ல பழைய சிடி போட்டாலும் ஓடுது, அது பெரிய மனசு" என்று ஒருமுறை டெய்சிராணி பச்சையைச் சொன்னாள். "உங்க ஆட்டத்துல மழை பேஞ்சா கையில புடிச்சிருக்கிற கன்ட்ரோலர்லயே தூறல் வுழுது, அது எங்களாண்ட இல்ல" என்று குணாளன் ஒருமுறை நீலத்தைச் சொன்னான், சொல்லிவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டான். நீலத்துக்கு டெய்சிராணி, பச்சைக்குக் குணாளன், வேறு யார் ஆடினாலும் எங்களுக்குத் திருப்தி வராது. இருவரில் டெய்சிராணி ஜெயித்ததுதான் அதிகம்.

கட்டைவிரல் மாறியதற்கு முந்தின நாள் குணாளன் தோற்றான், தொடர்ச்சியாக நாலாவது முறை. எழுந்து நின்று, கோபத்தை முழுங்காமல், "உங்க மெஷின் நல்ல மெஷின். ஆடறவங்களுக்கு வேலையே வெக்கறதில்ல. கட்டைவெரலு சும்மா மேல கெடந்தா போதும், அதுவே ஜெயிச்சிக் குடுத்துடுது" என்றான். புகழ்கிற மாதிரி வைவது எங்கள் ஊரில் பெரிய குற்றம். டெய்சிராணி அவனைவிட மூன்று வயது மூத்தவள், அவன் அக்கா என்று கூப்பிடுகிறவள். அவள் சத்தம் போடவில்லை. "அப்டியா? அப்ப என் கட்டைவெரல எடுத்துக்கோ. எடுத்துக்கினு போய் நீயே ஆடிக் காட்டு" என்றாள். எல்லோரும் சிரித்தோம், நாற்காலிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். கொடுத்ததை அவன் எடுத்துக்கொண்டான், வெறுங்கையோடு அவளை அனுப்ப முடியாதல்லவா, அவனுடையது அவளுக்குப் போயிற்று. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஒரு வாரத்தில் தெரு பழகிக்கொண்டது. ரேகை யார் கையில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும் என்று கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டதால், குணாளன் தினமும் காலை எட்டேகாலுக்கு டெய்சிராணியின் புருஷன் பீட்டரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கம்பெனிக்குப் போய், அவளுக்கு வருகை வைத்து, சாயங்காலம் மறுபடி போய், அவள் வீட்டுக்குக் கிளம்பியதாக வைத்தான். டெய்சிராணி ரேஷன் கடைக்குப் போய்க் குணாளன் வீட்டுக்குச் சர்க்கரையும் பாமாயிலும் வாங்கிக் கொடுத்தாள். அவன் செல்போன் அவள் விரலுக்குத்தான் திறந்தது. அதனால் மத்தியானம் அவனுக்கு ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் கம்பெனி சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து, வாசலில் போய் அவளிடம் போனை நீட்டினான். அவன் மனைவி சுலோச்சனாவுக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. நகப்பாலிஷ் முழுக்க உரிந்துபோனதும் டெய்சிராணி பாட்டிலையே எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, "பாக்க அசிங்கமா கீது, போட்டுக்க சொல்லு" என்றாள். சுலோச்சனா புருஷனை வாசற்படியில் உட்கார வைத்து இரண்டு கட்டைவிரலுக்கும் பூசி, காயும்வரை ஊதிவிட்டாள். அந்தப் பக்கம் போன யாரும் சிரிக்கவில்லை. அந்த மெரூன் அவனுக்கு எடுப்பாக இருந்தது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். பீட்டர் மட்டும் டீக்கடையில் புலம்பினான்: "என் பொண்டாட்டி எதுனா கோவமா கைய நீட்னா குணா திட்டற மாதிரியே கீதுபா."

சிக்கல் கன்ட்ரோலரில் வந்தது. கட்டைவிரலுக்குத் தன் வீடு தெரியும். குணாளன் தன் பச்சைக் கன்ட்ரோலரை எடுத்தால், இடது கட்டைவிரல் மேலே இருக்கிற குமிழை விட்டு நழுவி நழுவிக் கீழே போய் வெறும் பிளாஸ்டிக்கைத் தடவிக்கொண்டிருந்தது; அவனுடைய ஆட்டக்காரர்கள் மைதானத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி நின்றார்கள். எதிர்வீட்டில் டெய்சிராணிக்கும் இதே கதை. நாலாம் நாள் சாயங்காலம், தெருவே பார்க்க, குணாளன் கதவைத் திறந்து தெருவைக் கடந்து அவள் வீட்டுக்குப் போய் நீல மெஷின் முன்னால் உட்கார்ந்தான், டெய்சிராணி அவன் வீட்டுக்கு வந்து பச்சை மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஆறு வருஷமாகத் தொடமாட்டேன் என்று சொன்னதை இருவரும் தொட்டார்கள். கட்சி மாறிவிட்டார்கள் என்று சிலர் பேசினார்கள். மாறவில்லை, விரல் போன இடத்துக்குக் கை போயிற்று, கை போன இடத்துக்கு ஆள் போனார்.

அன்றைக்குத்தான் குணாளன் ஒரு வலியைச் சந்தித்தான். கோல் அடிக்கப் பட்டனை அழுத்தியதும் வலது கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை ஒரு கம்பியை யாரோ இழுத்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான், மறுபடி இழுத்தது. விரல் நுனியோ மரத்துப்போய், பட்டனைத் தொட்டோமா இல்லையா என்பதே தெரியவில்லை. புது விரல், பழக வேண்டும் என்று நினைத்தான். கடையில் ஊசி போன்ற திருகுகளைக் கழற்றும்போது வந்தது, பேன்ட் பித்தான் போடும்போது வந்தது, சும்மா இருக்கும்போதும் வந்தது. ஒரு டிஸ்ப்ளே மாற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. வாடிக்கையாளர்கள் பஜாரில் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தக் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார், அடியில் அழுத்தினார், அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "இது பத்து வருஷத்து வலி. தோல் மடிக்கிற வேலையா?" என்று கேட்டார். தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போகிற வேலை அது; எங்கள் ஊரில் டாக்டர்களுக்கு விரலைப் பார்த்தாலே கம்பெனியில் எந்த மேஜை என்று தெரிந்துவிடும்.

"இல்ல மேடம், செல்போன் கடை."

"அப்ப இது உங்க கட்டைவிரல் இல்ல" என்றார் டாக்டரம்மா, மாத்திரை எழுதிக்கொண்டே. "யாருதோ அவங்கள வரச் சொல்லுங்க."

குணாளன் டெய்சிராணியை அனுப்பவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடைவேளை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மாதமும் ஆட்டத்தின் பாதியில் டெய்சிராணி எழுந்து போய், ஒரு டம்ளர் கொதிக்கக் கொதிக்க டீ வாங்கி, குடிக்காமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திமிர் என்று நினைத்தோம். "ராணியம்மா டீ குடிச்சிட்டு வந்து கவனிப்பாங்க" என்று குணாளன்தான் சத்தமாகச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பான். அவள் விரலுக்குச் சூடு ஏற்றிக்கொண்டிருந்தாள் என்பது ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியவில்லை. இந்த விரலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அவனை வரிசையாக நாலு முறை தோற்கடித்திருக்கிறாள். அவன் எழுந்து நின்று, கட்டைவிரல் சும்மா கிடந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறான்.

திருப்பிக் கொடுக்கிற வழி எல்லோருக்கும் தெரியும். கொடுக்கிறவர் "எடுத்துக்கோ" என்றால் போதும், அப்படித்தானே வந்தது. அவன் சொல்லவில்லை. தெருவில் கேட்டால், "இருக்கட்டும்பா, இப்ப இன்னா அவசரம்" என்றான். கடையில் வேலை தேங்கிக் கிடந்தது. சுலோச்சனா ராகிக் களியைப் பங்கு போடுகிற மாதிரி வலிமாத்திரையை வேளாவேளைக்கு எடுத்து வைத்தாள், அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

டெய்சிராணியும் சொல்லவில்லை. அவள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த மாதம் அவள் ஊறுகாய் பாட்டிலைத் தானே திறந்தாள், மகளுக்கு இறுக்கமாக ஜடை பின்னினாள், மீன் கழுவினாள், கம்பெனியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் பாடிக்கொண்டே மடித்தாள். குணாளனின் மெஷினில், வலியில்லாத விரலால், முப்பது கஜத்திலிருந்து பந்தை வளைத்துக் கோலுக்குள் போட்டுவிட்டு, சின்னப் பெண் மாதிரி நாற்காலியில் குதித்தாள். அவன் கைகளில் என்ன இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் "வலிக்குதா குணா" என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலையும் நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி கம்பெனிக்குள் போனாள்.

ஆடி மாதத்தின் நடுவில் ஆகஸ்டின் முதல் ஞாயிறு வந்தது. அம்மன் கோயில் ஸ்பீக்கரைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மணி நேரம் அணைக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் கூடத்தில் கூடினோம். யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று இரண்டு கட்சியும் காலையிலிருந்து பேசி, விரல் எந்தக் கட்சியோ அந்த நாற்காலி என்று முடிவாகியிருந்தது. ஆகவே குணாளன் நீலத்துக்காகவும் டெய்சிராணி பச்சைக்காகவும் உட்கார்ந்தார்கள். பீட்டர், பொண்டாட்டிக்குக் கை தட்டுவதா கட்சிக்குக் கை தட்டுவதா என்று தெரியாமல், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

டெய்சிராணி முதல் கோலை அடித்தாள். பிறகு குணாளன் ஒன்று, அதற்குப் பிறகு இன்னொன்று, இரண்டும் டெய்சிராணியே அடித்த மாதிரி கோல்கள், வலது ஓரத்திலிருந்து குறுக்கே ஓடி வந்து தரையோடு தரையாக. நீலக்காரர்கள் ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. பாதி ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் எழுந்து நேரே டீக்காரரிடம் போய், ஒரு டம்ளர் வாங்கி, குடிக்காமல், இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. விரல் கேட்டது, கொடுத்தான். ஆனால் அது டெய்சிராணி நிற்கிற மாதிரியே நிற்பது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கம்பெனிக்குப் போகிற பெண்கள் பதின்மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து தங்கள் கட்டைவிரலைப் பார்த்தார்கள். (அந்த வாரமே அவர்கள் சேர்ந்து போய் மேனேஜர் அறையில் உட்கார்ந்துகொண்டார்கள், மடிக்கிற மெஷின் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று. அவர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் ஆர்டர் போட்டார்.)

டெய்சிராணி எழுந்து அவனிடம் போனாள்.

"எத்தினி நாளா தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்கு போன நாள்லேருந்து."

"ஏண்டா சொல்லல?"

"நீ பாட்டு பாடிக்கினு வேல செய்யறன்னு பீட்டர் மாமா சொன்னாரு. அப்பால எப்பிடி சொல்றது?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "நானும் கேக்கல குணா. தெரிஞ்சும் கேக்கல. ஒரு மாசம் நல்லா இருந்துட்டேன். போதும், என்னுத எனக்குக் குடு."

"இருக்கட்டும்கா. நான் ஒக்காந்து வேல செய்யறவன். மெதுவா சமாளிச்சிக்குவேன்."

"நீ நல்லவன்தான். ஆனா அது என்னுது. அதோடதான் உன்ன இத்தினி தபா ஜெயிச்சேன். நீ வெச்சிக்கினா அந்த கோலெல்லாம் யாருது?"

குணாளன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துக்கோக்கா" என்றான். சொன்ன உடனே டம்ளரை உதறினான். அதுவரை மரத்துப்போன நுனிகளுக்குத் தெரியாத சூடு, இப்போது நல்ல விரலைச் சுட்டுவிட்டது. மெரூன் நகங்கள் இரண்டும் டெய்சிராணியின் கையில் இருந்தன. அவள் முகத்தில் வலி வந்து உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தோம், வெளியூர் போயிருந்த ஆள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்காருவது போல.

நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள். நீலம் இரண்டு, பச்சை ஒன்று. குணாளன் வலியோடு அடித்த இரண்டு கோலும் இப்போது அவனுக்கே எதிராக நின்றன. ஆனால் அவன் ஆடவில்லை. விரல் இருந்தது, மனசு இல்லை. பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்தான். கோல்கீப்பர் கீழே விழுந்து கிடக்க, காலி வலைக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தான். பச்சைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள்.

டெய்சிராணி ஆட்டத்தை நிறுத்தினாள். எதிராளி பந்தோடு ஓடும்போது நிறுத்துவது எங்கள் தெருவில் செய்யவே கூடாத காரியம், அவள் செய்தாள்.

"எனக்கு வலிக்குதுன்னு வுட்டுக் குடுக்கறியா?"

"இல்லக்கா..."

"என்ன பாரு. இத்தினி வருசம் நீ தெரியாம ஆடின, முழுசா ஆடின. தெரிஞ்சிக்கினு அரையா ஆடினா, அத விட எனக்கு அவமானம் வேற இல்ல. ஆடறதுன்னா ஆடு. இல்லன்னா எழுந்து போ, நான் பீட்டர்கூட ஆடிக்கறேன்."

பீட்டருக்கு விளையாடத் தெரியாது, அது எல்லோருக்கும் தெரியும்.

குணாளன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கன்ட்ரோலரை எடுத்தான். அதன் பிறகு நாங்கள் பார்த்தது அவன் ஆடிய ஆட்டங்களிலேயே பெரிய ஆட்டம், அவளும் ஒரு அங்குலம் இளகவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு முறை கோல் வாசலில் அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்கினாள், மூன்றாவது முறை முடியவில்லை. இரண்டுக்கு இரண்டு. நீலமும் பச்சையும் யார் எந்தக் கட்சி என்பதை மறந்து எழுந்து நின்றோம். எண்பத்தாறாவது நிமிஷத்தில் இடது ஓரத்தில் அவனுக்குப் பந்து கிடைத்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்க அவனுக்குக் கை இல்லை, இரண்டு கையும் ஆட்டத்தில் இருந்தன. அவள் வலது கட்டைவிரல் பட்டனிலிருந்து நழுவுவதை ஓரக்கண்ணால் பார்த்தான். பார்த்துக்கொண்டே, அழுதுகொண்டே, அந்த விரலால் எட்ட முடியாத மூலையைத் தேர்ந்தெடுத்து, முழு பலத்தோடு மூன்றாவது கோலை அடித்தான்.

டெய்சிராணி கையை ஒருமுறை உதறிக்கொண்டு, நடுக்கோட்டில் பந்தை வைத்தாள்.

"இன்னும் நாலு நிமிசம் கீது. கண்ணத் தொடச்சிக்கினு ஆடுடா" என்றாள்.